ஐசோடோப்பைத் தூய்மையாக்கும் வேலைக்கு யார் செலவழிப்பது?

அணு மருத்துவப் பிரிவில் வேலை செய்பவர்களுக்குப் பொழுது விடிவதே கறவையோடுதான். நோயாளிக்கு ஊசியில் ஏற்றிப் படம் எடுக்க உதவும் கதிரியக்கப் பொருளான டெக்னீசியத்தைத் தரும் ஜெனரேட்டர் ஈயக் கவசத்துக்குள் அமர்ந்திருக்கும். அதன் ஒரு முனையில் உப்புக் கரைசல் குப்பியையும் மறுமுனையில் காற்று நீக்கிய வெற்றுக் குப்பியையும் செருகினால், அந்த வெற்றிடம் உள்ளே அலுமினா நிரப்பிய சிறு குழாயின் வழியாகக் கரைசலை இழுத்துக்கொள்ளும். சற்று நேரத்தில், பார்வைக்குத் தண்ணீரைப் போலவே இருக்கும் சில மில்லிலிட்டர் திரவம் குப்பியில் சேர்ந்துவிடும். இதைத்தான் நாங்கள் கறப்பது என்கிறோம். கறந்த கையோடு அதை ஒருவருக்கு ஊசியில் ஏற்றிவிட முடியாது. முதலில் குப்பியைத் தடித்த ஈய உறைக்குள் இட்டு அளக்கிறோம். டெக்னீசியம்-99எம் வெளியிடும் காமாக் கதிரை அந்த ஈயம் தடுத்துவிடும். சிதைந்து டெக்னீசியத்தைத் தரும் தாயான மாலிப்டினம்-99இன் வலிய கதிர்தான் ஊடுருவி வரும். ஆகவே மானி காட்டும் எண்ணிலிருந்து மாலிப்டினம் எவ்வளவு கசிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கதிரியக்கத்தைக் கியூரி என்ற அலகில் அளக்கிறோம். ஒரு மில்லிகியூரி டெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோகியூரிக்கு மேல் மாலிப்டினம் இருந்தால் அன்றைய கறவை முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டியதுதான். அடுத்து, குழாயின் அலுமினா கரைந்து வந்திருக்கிறதா என்று பார்க்க, சோதனைத் தாளில் அதன் ஒரு துளியும், பக்கத்திலேயே அளவு தெரிந்த அலுமினியக் கரைசலின் ஒரு துளியும் வைக்கிறோம். நம் துளியின் சிவப்பு மற்றதைவிட வெளிறியிருந்தால்தான் அன்றைய வேலை தொடங்கும்.

பல ஆண்டுகளாக இந்தத் தாளைப் பார்த்துவரும் எனக்கு, ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணு வகை) ஆராய்ச்சிக்கான அரசு நிதி பற்றிய செய்திகளைப் படிக்கும்போது ஒரு குறை மனத்தில் நெருடிக்கொண்டே இருக்கிறது. புதிய அணு உலை, புதிய துகள் முடுக்கி என்றால் எல்லோருக்கும் புரிகிறது. திறப்பு விழா நடத்தலாம், படம் எடுக்கலாம். உலைக்குள் நியூட்ரான்களால் தாக்கப்பட்டு வெளியே வரும் இலக்குத் துண்டைக் கரைத்து, அதில் பிறந்திருக்கும் பலவகை அணுக்களிலிருந்து வேண்டிய ஒன்றை மட்டும் பிரித்தெடுக்கும் வேதியியலுக்கு அப்படிப்பட்ட முகம் எதுவும் கிடையாது. ஆனால் நோயாளியின் நரம்புக்குள் போவது அந்த வேதியியலின் விளைவுதான். உற்பத்திக்குத் தரும் முக்கியத்துவத்தைத் தூய்மையாக்கலுக்கும் தர வேண்டும் என்பதையும், அதைத் தரக்கூடிய இடத்தில் பெரும்பாலும் அரசு மட்டுமே இருக்கிறது என்பதையும் எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

நாங்கள் அன்றாடம் கறக்கும் அந்த டெக்னீசியமே தூய்மையாக்கும் முயற்சியில் தற்செயலாக அகப்பட்டதுதான். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் வால்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் டெல்லூரியம்-132இலிருந்து அயோடின்-132ஐக் கறக்கும் ஒரு ஜெனரேட்டரைச் செம்மைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கிடைத்த அயோடினில் ஏதோ ஒரு மாசு திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. அது என்னவென்று தேடிப்போனபோதுதான், டெல்லூரியத்தின் வேதி இயல்பையே பின்பற்றி அதனுடன் ஒட்டிவந்த மாலிப்டினம்-99 டெக்னீசியம்-99எம் ஆகச் சிதைகிறது என்று தெரியவந்தது. அப்படியானால் மாலிப்டினத்தையே தாயாக வைத்து டெக்னீசியத்தைக் கறக்கலாமே என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது. 1958இல் அந்த முறைக்குக் காப்புரிமை பெறும் முயற்சி எழுந்தபோது, சொல்லிக்கொள்ளும்படியான சந்தை எதுவும் தென்படவில்லை என்று கருதி அன்றைய அணுசக்தி ஆணையத்தின் தரப்பில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். இன்று உலகில் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான பரிசோதனைகள் அந்த டெக்னீசியத்தை நம்பி நடக்கின்றன. சந்தையின் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக, ஒரு மாசு எங்கிருந்து வருகிறது என்று ஆற அமர விசாரிக்கும் பொறுமைக்காக, அங்கே அரசு சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது.

இந்தத் துறையில் அரசின் கை தொடக்கத்திலிருந்தே உண்டு. 1946 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் கிராஃபைட் உலையில் உருவான ஒரு மில்லிகியூரி கார்பன்-14, செயின்ட் லூயிஸ் நகரின் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றுக்கு ஒப்படைக்கப்பட்டது. போருக்காகக் கட்டிய உலை ஒன்று அமைதிக் காலப் பயனுக்கென ஐசோடோப்பை அனுப்பியது அன்றிலிருந்துதான் தொடங்குகிறது. பின்னர் வந்த பல பத்தாண்டுகளில், அரசு இதை ஒரு வணிகமாக நடத்துவதா ஆராய்ச்சியாக நடத்துவதா என்ற குழப்பம் ஓய்ந்ததே இல்லை. 1990 வாக்கில் அமெரிக்க அரசின் ஐசோடோப்புத் திட்டம் தன் செலவு முழுவதையும் விற்பனையிலிருந்தே ஈட்டிக்கொள்ள வேண்டும் என்று விதித்தார்கள். ஆராய்ச்சிக்கு மட்டுமே தேவைப்படும் அரிய ஐசோடோப்புகளுக்கு அது ஒத்துவரவில்லை. சில ஆண்டுகளிலேயே அந்த விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. 2009இல் இத்திட்டம் எரிசக்தித் துறையின் அறிவியல் அலுவலகத்துக்கு மாற்றப்பட்ட பிறகுதான், உற்பத்தி முறைகளையும் பிரித்தெடுக்கும் முறைகளையும் ஆராய்வதற்கென்றே பல்கலைக்கழகங்களையும் தேசிய ஆய்வகங்களையும் நோக்கிப் போட்டி அடிப்படையில் நிதி போகத் தொடங்கியது.

அதே 2009ஐ எங்களைப் போன்றவர்கள் வேறொரு காரணத்துக்காக மறக்க முடியாது. கனடாவின் சாக் ரிவரில் 1957 முதல் இயங்கிவந்த என்.ஆர்.யூ. உலையில் அந்த ஆண்டு மே மாதம் கனநீர் கசிவு கண்டுபிடிக்கப்பட்டு, 2010 ஆகஸ்ட் வரை உலை மூடிக்கிடந்தது. இடையில், 2010 பிப்ரவரியில், நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுது பார்ப்பதற்காக நிறுத்தப்பட்டது. உலகின் மாலிப்டினத்தில் பெரும்பகுதியைத் தந்துகொண்டிருந்த இரண்டு உலைகள் ஒரே நேரத்தில் நின்றன. மாலிப்டினம்-99இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 66 மணி நேரம். டெக்னீசியத்துக்கோ 6 மணி நேரம். பஞ்ச காலத்துக்கென்று சேர்த்துவைக்க முடியாத சரக்கு இது. வழக்கமாக வரும் ஜெனரேட்டர் வராத வாரங்களும், வந்தாலும் பாதி வலுவோடு வந்த வாரங்களும் அப்போது எங்களுக்கு இருந்தன. எலும்புக்குப் புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்க வந்தவரை இன்று அனுப்புவதா, இதயத்துக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்க வந்தவரை அனுப்புவதா என்று பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலைகள் உண்டு. இதயத்துக்குப் பழைய தாலியம்-201ஐக் கொண்டு ஒருவாறு சமாளித்தோம். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

ஏன் வேறு உலை யாரும் கட்டவில்லை என்ற கேள்விக்குக் கிடைத்த விடை, அரசு நிதியை ஆதரிக்கும் என்னைப் போன்றவர்கள் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய ஒன்று. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் அணுசக்தி முகமை அந்த நெருக்கடிக்குப் பின் ஆராய்ந்து சொன்னது இதுதான்: ஆராய்ச்சிக்கென அரசுகள் கட்டிய உலைகளில் மாலிப்டினம் ஒரு துணைப் பொருளாக உருவானதால், கதிரூட்டலின் உண்மையான செலவு விலையில் ஏறவே இல்லை. உலையைக் கட்டிய செலவும் கழிவைப் பராமரிக்கும் செலவும் மக்களின் வரிப்பணத்தில் மறைந்துகிடந்தன. அவ்வளவு மலிவான விலையைப் பார்த்த எந்தத் தனியாரும் புதிய உலை கட்ட முன்வரவில்லை. ஆகவே அரசுப் பணம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் போதாது. அன்றாட உற்பத்தியின் விலையைச் செயற்கையாகத் தாழ்த்திவைக்கும் பணம் ஒன்று. யாருக்கும் தெரியாத ஒரு பிரித்தெடுக்கும் முறையைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் திறந்துவைக்கும் பணம் மற்றொன்று. முன்னதைக் குறைக்கச் சொன்னால் எனக்கு மறுப்பு இல்லை. பின்னதைக் குறைத்தால் அந்த இடத்தை நிரப்ப ஆள் இல்லை.

மிக உயர்வாகச் செறிவூட்டிய யுரேனியத்தைக் கைவிட்ட கதையை இங்கே எடுத்துக்கொள்ளலாம். மாலிப்டினத்துக்கான இலக்குத் தகடுகள் நெடுங்காலமாக 90 விழுக்காட்டுக்கும் மேல் செறிவூட்டிய யுரேனியத்தால் ஆனவை. அணுகுண்டுக்கும் உதவக்கூடிய பொருள் அது. அதற்குப் பதிலாக 20 விழுக்காட்டுக்குக் குறைவாகச் செறிவூட்டிய யுரேனியத்துக்கு மாற வேண்டும் என்று அரசுகள் வலியுறுத்தின. அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கென்றே பணமும் ஒதுக்க வழிசெய்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு தகட்டை எடுத்துவிட்டு வேறொரு தகட்டை வைப்பது போலத் தோன்றும். உள்ளே இருப்பவர்களுக்கோ, அதே அளவு மாலிப்டினத்துக்காகச் சுமார் ஐந்து மடங்கு யுரேனியத்தைக் கரைத்தாக வேண்டும்; அதன் நிறை, கழிவின் கொள்ளளவு, வடிகட்டும் முறை, மாசுகளின் விகிதம் அனைத்தும் மாறிவிடும். பெரிய உற்பத்தியாளர்கள் எல்லோரும் இன்று மாறிவிட்டார்கள். எங்கள் சோதனைத் தாளில் ஒரு நாளும் எந்த வேறுபாடும் தெரியவில்லை என்பதே அந்த வேதியியலாளர்களின் வெற்றி.

இப்போது சிகிச்சைக்கு வருகிறேன். லூட்டீசியம்-177 இன்று நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளுக்கும் சுக்கிலவக (புராஸ்டேட்) புற்றுக்கும் மருந்தாகியிருக்கிறது. இதை உருவாக்க இரண்டு வழிகள் உண்டு. லூட்டீசியம்-176ஐ நேரடியாக நியூட்ரானுக்கு உட்படுத்துவது எளிது. ஆனால் 160 நாள் அரை ஆயுள் கொண்ட லூட்டீசியம்-177எம் என்ற மாசு உடன் பிறந்துவிடுகிறது, மருத்துவமனையின் கழிவுநீர் வரை அது பின்தொடர்கிறது. மற்றொரு வழியில், இட்டர்பியம்-176ஐ நியூட்ரானுக்கு உட்படுத்தினால் அது இட்டர்பியம்-177 ஆகி, இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான அரை ஆயுளில் லூட்டீசியம்-177 ஆகச் சிதைகிறது. அந்த நீண்டகால மாசு இதில் இல்லை. இதற்குக் கொடுக்கும் விலை, ஆயிரக்கணக்கான இட்டர்பியம் அணுக்களுக்கு நடுவே கிடக்கும் ஒரு லூட்டீசியம் அணுவைத் தனியே எடுக்க வேண்டியிருப்பதுதான். இரண்டும் தனிம அட்டவணையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். அவற்றின் அயனிகளின் அளவு வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

பயிற்சிக் காலத்தில் ஒருமுறை இந்தப் பிரித்தெடுப்பைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஹாட் செல் என்று நாங்கள் அழைக்கும் கவச அறையின் தடித்த ஈயக் கண்ணாடி எதையும் சற்று மஞ்சளாகத்தான் காட்டும். அதன் மறுபக்கத்தில், இரண்டு இயந்திரக் கைகளைக் கொண்டு ஒருவர் ஒரு கண்ணாடிக் குழாயின் கீழே குப்பிகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தார். குழாயில் அணுக்களைப் பற்றிவைக்கும் பிசின், அதன் வழியே மெல்லிய அமிலம் துளித்துளியாக இறங்கியது. கதிர்மானியின் வரைகோடு முதலில் உயர்ந்தது: அது இட்டர்பியம். பிறகு மெல்லத் தாழ்ந்தது, ஆனால் தரையைத் தொடவில்லை. நீண்ட வாலாக இழுத்துக்கொண்டே போனது. அமிலத்தின் வலுவைக் கூட்டியதும் இரண்டாவது முறையாக ஏறத் தொடங்கியது. அந்த ஏற்றத்தின் எந்தப் புள்ளியில் குப்பியை மாற்றுவது என்பதுதான் வித்தை. முன்னே மாற்றினால் இட்டர்பியத்தின் வால் மருந்துக்குள் வந்துவிடும். பின்னே மாற்றினால் விலைமதிப்பற்ற லூட்டீசியம் கழிவோடு போய்விடும். அவர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் யாரிடமும் பேசவில்லை. குப்பியை மாற்றிய பிறகுதான் மூச்சை விட்டார். அந்தக் கையும் கண்ணும் பழக எத்தனை ஆண்டுகள் ஆயின என்று பிறகு கேட்டேன். ஏழு ஆண்டுகள் என்றார்.

தூய்மையாக்கலின் எல்லை எங்கே முடிகிறது என்பதை ஆக்டினியம்-225 நன்றாகக் காட்டுகிறது. பத்து நாள் அரை ஆயுள் கொண்ட இந்த ஆல்ஃபா உமிழி, 2016இல் ஹைடெல்பெர்க் மருத்துவர்கள் இரண்டு நோயாளிகளின் படங்களை வெளியிட்ட பிறகு உலகெங்கும் பேசப்பட்டது. உடல் முழுவதும் பரவியிருந்த சுக்கிலவகப் புற்று சிகிச்சைக்குப் பின்பு படத்தில் தெரியாமல் போயிருந்தது. ஆனால் அந்த ஆக்டினியம் எங்கிருந்து வந்துகொண்டிருந்தது? பனிப்போர்க் காலத்தில் உலை ஆராய்ச்சிக்கென உருவாக்கிய யுரேனியம்-233 கிடங்கில் கிடக்கக் கிடக்க, அதில் மெல்ல ஊறிய தோரியம்-229இலிருந்து. ஓக் ரிட்ஜ், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ, ரஷ்யாவின் ஓப்னின்ஸ்க் ஆகிய மூன்று இடங்களில் இருந்த அந்தத் தோரியத்தைக் கறந்து கிடைத்த ஆக்டினியம், உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு கியூரியைக்கூட எட்டவில்லை. யாரோ ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் வேறு நோக்கத்துக்காகச் செய்துவைத்ததன் மிச்சத்தில் இன்றைய மருத்துவ ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது.

இந்தப் பற்றாக்குறையைத் தீர்க்க, அமெரிக்க எரிசக்தித் துறையின் நிதியில் லாஸ் அலமோஸ், புரூக்ஹேவன், ஓக் ரிட்ஜ் ஆகிய மூன்று ஆய்வகங்களும் சேர்ந்து, தோரியத் தகட்டை உயர் ஆற்றல் புரோட்டான்களால் தாக்கி ஆக்டினியத்தை உருவாக்கும் முறையை வளர்த்தன. அளவு பெருகியது. ஆனால் உடன் பிறந்தது ஆக்டினியம்-227. அரை ஆயுள் ஏறக்குறைய 22 ஆண்டுகள். இதை எந்தப் பிசினாலும் எந்த அமிலத்தாலும் பிரிக்க முடியாது, ஏனென்றால் இரண்டும் ஒரே தனிமம். விழுக்காட்டுக் கணக்கில் மிகச் சிறியதுதான். ஆயினும் மருத்துவமனையின் உரிமத்தையும் கழிவு அறையையும் அது வேறு வகைக்கு மாற்றிவிடுகிறது. இதற்கு வேதியியலாளர்கள் கண்ட வழியை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அதே தகட்டில், ஆக்டினியம்-225 ஆகச் சிதையும் ரேடியம்-225உம் பிறக்கிறது. அதன் அரை ஆயுள் சுமார் 15 நாள். ஆக்டினியம்-227 ஆகச் சிதையும் ரேடியம்-227இன் அரை ஆயுளோ முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஆகவே தகட்டைச் சிறிது காலம் ஆறவிட்டு, ரேடியத்தை மட்டும் பிரித்தெடுத்து ஒதுக்கிவைத்தால், அதிலிருந்து ஊறுவது 227 கலவாத ஆக்டினியம்-225. வேதியியலால் முடியாததைக் காத்திருப்பதால் சாதிக்கிறார்கள். கிடைக்கும் அளவு குறைவு என்பது உண்மைதான். பழைய மருத்துவ ஊசிகளிலிருந்து மீட்ட ரேடியம்-226ஐ சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கியில் தாக்கும் முறை இதைவிடத் தூய்மையானது. அதில் தொல்லை வேறு, ரேடியத்திலிருந்து ஓயாமல் கிளம்பும் ரேடான் வாயுவை ஒரு கணமும் வெளியே விடாமல் வேலை செய்ய வேண்டும், மீந்த ரேடியத்தைத் துளியும் வீணாக்காமல் மீட்டாக வேண்டும். இவற்றில் எது நிலைக்கும் என்று தொடக்கத்திலேயே சொல்லக்கூடியவர் யாருமில்லை. எல்லா வழிகளையும் ஒருசேர நடந்து பார்க்க வேண்டியிருந்தது. அப்படி நடந்து பார்ப்பதற்கு லாபக் கணக்கு இடம் கொடுப்பதில்லை.

மேலே சொன்ன இட்டர்பியம்-176ஐயே எடுத்துக்கொள்வோம். இயற்கை இட்டர்பியத்தில் அது சுமார் 13 விழுக்காடு. அதைச் செறிவூட்ட வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது ஓக் ரிட்ஜில், கருவூலத்திலிருந்து கடனாக வாங்கிய சுமார் 14,700 டன் வெள்ளியைக் கம்பிச் சுருள்களாக்கிக் கட்டிய கலுட்ரான் என்னும் மின்காந்தப் பிரிப்பான்கள், போருக்குப் பின் பல பத்தாண்டுகள் இப்படிப்பட்ட நிலையான, அதாவது சிதையாத, ஐசோடோப்புகளைப் பிரித்து உலகுக்குத் தந்தன. 1998இல் அந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். கையிருப்பு இருக்கிறது, வெளியே மலிவாகவும் கிடைக்கிறது என்றால் நிறுத்துவது சிக்கனமாகத்தான் தோன்றும். அதற்குப் பிறகு பல ஐசோடோப்புகளுக்கு உலகம் ரஷ்யாவையே பெரிதும் நம்பியிருந்தது. 2022இல் உக்ரைன் போர் வெடித்தபோது அந்த நம்பிக்கையின் விலை என்ன என்று எல்லோருக்கும் தெரிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஓக் ரிட்ஜில் நிலையான ஐசோடோப்புகளுக்கான புதிய மையத்துக்கு வேலை தொடங்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் சிறிய அளவிலேனும் ஆராய்ச்சி நிதியால் ஒரு புதிய மின்காந்தப் பிரிப்பானைச் செய்து பார்த்திருக்காவிட்டால், அந்தத் தொடக்கமும் இன்னும் பின்தள்ளியிருக்கும்.

விற்பனைக்கே வழியில்லாத ஐசோடோப்பும் உண்டு. பெர்க்கிலியம்-249 அப்படிப்பட்டது. ஓக் ரிட்ஜின் உயர் பாய்ம உலையில் சுமார் 250 நாள் கதிரூட்டி, பின்பு 90 நாள் தூய்மையாக்கி, 2009இல் 22 மில்லிகிராம் எடுத்தார்கள். அதன் அரை ஆயுள் சுமார் 330 நாள். தயாரித்து முடித்த கணத்திலிருந்தே அது கரைந்துகொண்டிருந்தது. ரஷ்யாவின் துப்னாவுக்கு அனுப்பிய அந்தத் துகளின் மீது கால்சியம்-48 அணுக்களை மோதவிட்டு 117ஆம் தனிமத்தை உருவாக்கினார்கள். டென்னசின் என்று அதற்குப் பெயர்.

நிதி ஒதுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தால், மூன்று ஆண்டுத் திட்டங்களின் நீளத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். குப்பியை மாற்றும் புள்ளியைக் கண்டுகொள்ள ஏழு ஆண்டு எடுத்துக்கொண்ட ஒருவரை, மூன்றாம் ஆண்டின் முடிவில் நிதி தீர்ந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த திட்டம் மறுபடியும் முதல் நாளிலிருந்தே தொடங்கும். வெற்றி பெறாத பிரித்தெடுப்புகளின் விவரங்களையும் வெளியிட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கச் சொல்வேன். எந்தப் பிசின் கதிர்வீச்சில் நொறுங்கிப்போனது என்பது அடுத்தவருக்கு ஓராண்டு உழைப்பை மிச்சப்படுத்தும். இலக்குப் பொருளை மீட்டு மறுபடியும் பயன்படுத்தும் வேதியியலையும், கடைசியில் மருத்துவமனையில் மிஞ்சும் கழிவின் கணக்கையும் ஆராய்ச்சித் திட்டத்துக்குள்ளேயே சேர்க்கச் சொல்வேன். எங்கள் பிரிவின் கழிவு அறையில் டெக்னீசியத்துக்கான பெட்டி இருக்கிறது. அதில் போட்டதை மூன்று நாள் கழித்துச் சாதாரணக் குப்பையாக எடுத்துவிடலாம். பக்கத்தில் நேரடி முறையில் தயாரித்த லூட்டீசியத்துக்கென்று இன்னொரு பெட்டி. மூடியில் நாங்கள் எழுதி ஒட்டியிருக்கும் தேதிக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன.